இருபது ரக அத்தியா? முதலில் பழத்தின் கண்ணைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: ஈரோட்டுப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் 5 சென்ட் காலி இடம், செம்மண், போர்த் தண்ணீர் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்து, இருபது ரகச் சீமை அத்தி வைக்கப் போகிறீர்கள். எந்த இருபது என்று பட்டியல் வேண்டும்.

பட்டியல் தருகிறேன், ஆனால் இருபது வராது. கோவைக்கு மேற்கே என் தோட்டத்தில் ஒரு காலத்தில் 23 அத்திச் செடி நின்றன. இப்போது ஒன்பதுதான். கழித்துவிட்ட அந்தப் பதினான்கிடம் கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன்.

அத்திப்பழம் என்று நாம் தின்பது உண்மையில் உள்பக்கமாகத் திரும்பிய பூங்கொத்து. அந்த உருண்டைக்குள் நூற்றுக்கணக்கில் பூக்கள் ஒளிந்திருக்கின்றன. அத்தி பூத்தாற்போல் என்று நாம் சொல்வது அந்தப் பூ யார் கண்ணிலும் படாததால்தான். உருண்டையின் அடியில், காம்புக்கு நேர் எதிரே, ஒரு சின்னத் துளை இருக்கும். அதை நான் கண் என்பேன். நம் ஊரில் ஒரு ரகம் தேறுமா தேறாதா என்பதில் பாதியை அந்தக் கண்ணே தீர்மானிக்கிறது.

ஒரு ஐப்பசி மாதம், மூன்று நாள் மழைக்குப் பிறகு காலையில் தோட்டத்துக்குப் போனேன். பிரவுன் டர்க்கி என்ற ரகத்து மரத்தில் எலுமிச்சையை விடப் பெரிதாக, பழுத்துத் தொங்கிய பழம் ஒன்று. பார்க்க அத்தனை அழகு. கண் மட்டும் சட்டைப் பொத்தான் ஓட்டை அளவுக்குத் திறந்திருந்தது. பிட்டதும் புளித்த கள் வாடை. உள்ளே நாலைந்து பழ ஈ, ஒரு வரிசை எறும்பு, சதை முழுக்கத் தண்ணீர். நாலடி தள்ளி செலஸ்ட் என்ற ரகம். பழம் கட்டைவிரல் பருமன்தான், கண் சுருக்குப் பையின் வாய் போல இறுகியிருந்தது. அதே மழையில் நனைந்த பழம், பிட்டால் உள்ளே ஜாம் மாதிரி கெட்டியாக இருந்தது. ரகங்களைக் கழிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை கலிபோர்னியாவிலோ மத்தியதரைக் கடல் நாடுகளிலோ எடுத்தவை. அங்கே கோடையில் மழை கிடையாது. பழம் பழுக்கும்போது காற்றே காய்ந்து கிடக்கும். கண் திறந்திருந்தால் அவர்களுக்கு என்ன? நமக்கு அப்படியில்லை. நம்மோடு ஒப்பிட வேண்டுமானால் அமெரிக்காவின் தெற்கே இருக்கும் லூசியானாவைப் பாருங்கள். நம்மைப் போலவே புழுக்கம், நினைத்த நேரத்தில் மழை. அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தார் அத்தியில் கலப்பு செய்தபோது இறுகிய கண்ணையும் ஒரு முக்கியக் குணமாகக் கருதித் தேர்ந்தெடுத்தார்கள். எல்.எஸ்.யு. பர்ப்பிள் என்ற ரகம் அங்கே 1991-இல் வெளிவந்தது. ஆகவே ‘ருசியில் முதலிடம்’ என்று யாராவது ஒரு ரகத்தைப் புகழ்ந்தால், அவர் வீட்டில் பழம் பழுக்கிற மாதத்தில் மழை உண்டா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது குளவி விவகாரம். “அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு” என்ற பழமொழி நம் நாட்டு அத்திக்குச் சரி. அதற்கென்றே உள்ள சிறு குளவி கண் வழியாக நுழைந்து, மகரந்தம் சேர்த்து, முட்டையும் இடும். அந்தக் குஞ்சுகளைத்தான் பிட்டவுடன் பார்க்கிறோம். சீமை அத்திக்கும் தனியாக ஒரு குளவி உண்டு, ஆனால் அது நம் ஊரில் இல்லை. நல்ல வேளையாக எல்லா ரகத்துக்கும் அது தேவையும் இல்லை. பொது வகை என்று சொல்லப்படுபவை மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் காய்த்துப் பழுக்கும். பழத்துக்குள் செத்த பூச்சி இருக்குமோ என்று சைவக்காரர்கள் கேட்பார்கள். நம் வீட்டில் பழுக்கும் பொது வகையில் குளவிக்கு வேலையே இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம்.

ஸ்மிர்னா வகை அப்படியல்ல. குளவி வராவிட்டால் பிஞ்சு கோலிக்குண்டு அளவு வளர்ந்து மஞ்சளாகி உதிர்ந்துவிடும். 1880-களில் கலிபோர்னியாக்காரர்கள் துருக்கியிலிருந்து ஸ்மிர்னா குச்சிகளைக் கொண்டுவந்து நட்டார்கள். மரம் செழித்தது, பழம் ஒன்றுகூட நிற்கவில்லை. குளவி தேவை என்பதையே பலர் நம்ப மறுத்தார்கள். கடைசியில் 1899-இல் பிரெஸ்னோவில் ஜார்ஜ் ரோடிங் தோட்டத்தில் குளவி நிலைத்த பிறகுதான் பழம் வந்தது. கலிபோர்னியாவையும் ஸ்மிர்னாவையும் சேர்த்து காலிமிர்னா என்று பெயர் வைத்தார்கள். காலிமிர்னா, சாரி லோப் என்ற பெயரில் யாராவது செடி விற்றால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நிழலுக்கு வேறு மரம் வைத்துக்கொள்ளலாம்.

நாட்டு மருந்துக் கடையில் நூலில் கோத்து விற்கும் ஆப்கானிஸ்தான் அத்தியின் விதையைப் போட்டு முளைக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். முளைக்கும், அதில் சந்தேகமில்லை. அது ஆண் மரமாகிச் சக்கைக் காயாகக் காய்க்கலாம், குளவி கேட்டு எல்லாப் பிஞ்சையும் உதிர்க்கலாம். அதற்காக மூன்று வருடம் காத்திருப்பதற்குப் பதில் ஒரு குச்சி வாங்கி ஊன்றினால் வேலை முடிந்தது.

சரி, பெயர்களுக்கு வருவோம். ரகம் சேர்க்க ஆரம்பித்தவர் எல்லோரும் பணத்தை விடுவது இங்கேதான். நான் ஒரு நர்சரியில் மூன்று பெயர் போட்ட மூன்று செடி வாங்கினேன். மூன்று விலை வேறு. இரண்டு கோடை பொறுத்துப் பார்த்தேன். இலை, பழம், சதையின் நிறம், கண் எல்லாமே ஒன்று. மூன்றுமே பிரவுன் டர்க்கி. அதில்கூட ஒரு சிக்கல் உண்டு: இங்கிலாந்தில் பிரவுன் டர்க்கி என்பதும் கலிபோர்னியாவில் பிரவுன் டர்க்கி என்பதும் ஒன்றல்ல. கலிபோர்னியாவின் கடோட்டாவோ இத்தாலியின் டொட்டாட்டோதான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஐரா காண்டிட் 1955-இல் அத்தி ரகங்களை விவரித்து வெளியிட்ட ஆய்வில் அறுநூறுக்கும் மேற்பட்ட ரகங்கள் வருகின்றன. ஒரே ரகத்துக்கு ஊருக்கு ஊர் இருக்கும் மாற்றுப் பெயர்களை அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். அப்படியிருக்க, ஒரு நாட்டின் பெயரையும் பழத்தின் நிறத்தையும் சேர்த்து ஒட்டி விற்கிற செடியை ரகம் என்று எண்ணிவிடாதீர்கள். நிற்கிற தாய்மரத்தில் பழத்தைத் தின்று பார்த்து, அதே மரத்தில் குச்சி வாங்குவதுதான் நம்பகமான வழி.

இலையை வைத்து அடையாளம் காணலாமே என்பீர்கள். ஒரே கிளையில் மூன்று விரல் இலையும் ஐந்து விரல் இலையும் விரலே இல்லாத இலையும் இருப்பதை நான் காட்டுகிறேன். சதையின் நிறமும் கோடையில் ஒன்று, மழையில் ஒன்று. இரண்டு கோடை பார்க்காமல் எந்தச் செடியையும் பாராட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் குச்சி வரவழைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் ஜாக்கிரதை. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் நோயின்மைச் சான்றும் இல்லாமல் செடி, குச்சி எதையும் கொண்டுவரக் கூடாது. அது வெறும் காகிதச் சடங்கல்ல. அத்தியின் தேமல் நோய்க்குக் காரணமான வைரஸ் குச்சியோடுதான் ஊர் ஊராகப் பயணம் செய்கிறது. செடிக்குச் செடி அதைப் பரப்புவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன். இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாக, ஓரம் கோணி வருகிற செடியைப் புதிதாக வாங்கவே வாங்காதீர்கள்.

இப்போது எத்தனை மரம் என்ற கணக்கு. 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. 12 அடிக்கு 12 அடி விட்டால் காகிதத்தில் பதினைந்து மரம் வரும். வேலியோரம், நடைபாதை, மோட்டார் பக்கம் எல்லாம் விட்டால் பத்துப் பன்னிரண்டு. செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி இவற்றுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், ஈரத்தைத் தேடி அத்தி வேர் எங்கும் போகும். ஆனால் இடத்தை விட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது: காலையில் உங்களுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்?

அத்தி பறித்த பிறகு பழுக்காது. வாழைத்தார் போல வெட்டிவந்து மூட்டம் போட முடியாது. மரத்திலேயே பழுக்க வேண்டும், பழுத்த அன்றே பறிக்க வேண்டும். ஒரு நாள் முந்தினால் காம்பில் பால் வடியும், தின்றால் நாக்கு சுரசுரக்கும். ஒரு நாள் பிந்தினால் குயிலும் கொண்டைக்குருவியும் அணிலும் தின்றுவிட்டுப் போகும், இரவில் வௌவால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சரியான நாளை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், பச்சை ரகங்களில் ஏமாந்துபோவீர்கள். கழுத்தைப் பாருங்கள். காய் கிளையோடு விறைப்பாக நிற்கும். பழுத்தால் கழுத்து தளர்ந்து தலை கவிழ்ந்துவிடும். தோலில் மெல்லிய கீறல் ஓடும். லேசாகத் தூக்கினால் கையோடு வரும், காம்பில் பால் இருக்காது.

என் அனுபவத்தில் ஒருவர் வேலைக்குப் போகிற அவசரத்தில் தினம் பார்த்துப் பறிக்கக்கூடியது எட்டிலிருந்து பத்து மரம். பறவைக்கு மரம் முழுக்க வலை போட்டுப் பார்த்தேன். ஒரு கொண்டைக்குருவி சிக்கிச் செத்தது, அதோடு விட்டுவிட்டேன். இப்போது கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுத் தரும் சல்லடைத் துணிப் பைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். காய் வீங்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பை, கழுத்தில் சுருக்கு. காற்றும் வெயிலும் போகும், ஈ போகாது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, “மரத்துக்கே மொய் வைத்திருக்கிறாயே” என்று சிரிப்பார்கள்.

காய் வீங்குவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதைக் கேட்காதவர் இல்லை. “இரண்டு மாதமாகக் காய் கல் மாதிரியே இருக்கிறது, என்ன உரம் போடுவது?” எதுவும் போட வேண்டாம். அத்தி முதலில் வேகமாக வளரும், அப்புறம் பல வாரம் அப்படியே நிற்கும், கடைசிச் சில நாட்களில் திடீரென்று இரு மடங்காகி நிறம் மாறிக் கவிழும். அந்த நடு வாரங்களில் பொறுமை இழந்து யூரியா போட்டால் இலை தழைக்கும், பழம் சப்பென்று போகும். கடைசி வாரத்தில் ஆசையாகத் தண்ணீரை ஊற்றினால் தோல் வெடிக்கும். அந்த வாரம் தண்ணீரைக் குறையுங்கள், இனிப்பு ஏறும்.

பழம் எந்த மாதம் வர வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள், கவாத்துக் கத்தியால். நாம் நம்பியிருக்கும் பழம் புதுத் துளிரின் இலைக் கக்கத்தில்தான் வரும். ஆகவே வெட்டினால் துளிர், துளிர் வந்தால் காய். கார்த்திகை மழை ஓய்ந்ததும், டிசம்பர் முதல் வாரத்தில், போன வருடக் கிளைகளை மூன்று நாலு கணு விட்டு வெட்டிவிடுங்கள். மரம் மொட்டையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். பொங்கலுக்குள் துளிர்த்து, இலைக்கு ஒன்றாகப் பிஞ்சு வைக்க ஆரம்பிக்கும். பங்குனி கடைசியிலிருந்து பழம், அதுவும் நம் ஊரின் கோடை வெயில் மாதங்களில். துளிரில் ஆறேழு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் காய் கூடுதலாகப் பிடிக்கும். செலஸ்ட் மட்டும் இதற்கு விலக்கு. வளர்ந்த செலஸ்ட் மரத்தை ஒட்ட வெட்டினால் அந்த வருடக் காய்ப்பு குறையும். காய்ந்த கிளையை மட்டும் எடுங்கள், வேறு கை வைக்காதீர்கள். வெட்டும்போது முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். அத்திப் பால் பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரும். நான் ஒருமுறை அலட்சியமாக இருந்து இரண்டு வாரம் மணிக்கட்டில் தழும்போடு அலைந்தேன்.

நோய்களில் உங்களை உண்மையில் வருத்தப்போவது துரு நோய். மழைக்காலத்தில் இலையின் மேலே மஞ்சள் புள்ளி, திருப்பினால் காப்பிப் பொடி தூவியதுபோல இருக்கும். பத்து நாளில் மரம் மொட்டை. மழை தொடங்கும் முன் ஒரு சத போர்டோ கலவை அடிப்பேன்: பத்து லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் சேர்க்க வேண்டும். உதிர்ந்த இலைகளைப் பெருக்கி எரித்துவிடுங்கள், மூடாக்காகப் போடாதீர்கள். கவாத்துக்கு முந்தைய மாதம் இலை போனால் போகட்டும், எப்படியும் வெட்டத்தானே போகிறோம்.

நூற்புழு செம்மண்ணில் வரும். செடி வாங்கும்போது பையை உருவி வேரைப் பாருங்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குழிக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு, சுற்றிலும் செண்டுமல்லி. நூற்புழு தொல்லை அதிகமான இடத்தில் நாட்டு அத்திக் கட்டையில் சீமை அத்தியை ஒட்டுக் கட்டுவதும் உண்டு. தண்டில் மரத்தூள் கொட்டினால் தண்டு துளைப்பான். ஓட்டைக்குள் சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தி, களிமண்ணால் அடைத்துவிட வேண்டியதுதான்.

இனி ரகங்கள். முதல் மரம் பூனா அத்தி. புனே மாவட்டத்துப் புரந்தர் வட்டாரத்தில் தலைமுறைகளாகப் பயிராவது, 2016-இல் புவிசார் குறியீடு பெற்றது. ரகம் சேர்ப்பவர்கள் இதை ஏளனமாகப் பார்ப்பார்கள். நம் வெயில் பழகிய மரம் இதுதான், ஒரு வருடமும் ஏமாற்றியதில்லை. அதோடு மராத்வாடா வேளாண் பல்கலைக்கழகத்தின் தேர்வான தினகர் கிடைத்தால் வையுங்கள். அடுத்து, மழைக்கு ஈடுகொடுக்கும் செலஸ்ட். பச்சைத் தோல் ரகத்தில் கடோட்டா: சதை தேன் நிறம், கண்ணில் பாகுத் துளி ஒன்று வந்து தானே அடைத்துக்கொள்ளும். அந்தத் துளியைப் பார்ப்பதற்காகவே ஒரு மரம் வைக்கலாம். கொனாட்ரியா, மேலே சொன்ன காண்டிட் செய்த கலப்பு, 1956-இல் வெளிவந்தது. உள்ளே இளஞ்சிவப்பு, எளிதில் புளிக்காது. பிளாக் மிஷன், பாதிரிமார் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய்த் தங்கள் மடங்களில் நட்டதால் வந்த பெயர். கறுப்புத் தோல், நல்ல ருசி, ஆனால் பெரிய மரமாகும். வருடா வருடம் அடக்க வேண்டும். பிரவுன் டர்க்கி ஒன்று இருக்கட்டும், கோடையில் மட்டும் தின்ன. கண் பெரிது என்பதை மறக்காதீர்கள்.

பச்சையும் மஞ்சளும் வரிவரியாக இருக்கும் பனஷே எல்லோருக்கும் ஆசை. நானும் வைத்திருக்கிறேன். பழுக்க மற்றதையெல்லாம் விட அதிக நாள் எடுக்கும், அதற்குள் கோடை மழை வந்துவிடும். இதுவரை ஒழுங்காகத் தின்றது பதினைந்து பழம் இருக்கலாம். வெட்ட மனம் வரவில்லை.

இதற்கு மேலும் ரகம் வேண்டுமானால் இடம் தேடாதீர்கள், வலுவான ஒரு பூனா அத்தியில் தை, மாசியில் மொட்டு ஒட்டுக் கட்டுங்கள். ஒரே மரத்தில் நாலு ரகம் நிற்கும். வேகமாக வளரும் ரகத்தை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். என் மரத்தில் பிரவுன் டர்க்கிக் கிளை மற்ற மூன்றையும் நிழலில் தள்ளி அமுக்கிவிட்டது. அப்புறம் பெயர்ச்சீட்டு. மார்க்கர் பேனாவில் எழுதியது ஒரு கோடையில் வெளுத்துவிடும். குளிர்பான டப்பாவை வெட்டி, ஆணியால் அழுத்தி எழுதி, கம்பியில் தளர்வாகக் கட்டுங்கள். நோட்டில் ஒரு வரைபடமும் இருக்கட்டும். அணில் சீட்டைக் கூடத் தூக்கிக்கொண்டு போகும்.

செடி விலைக்கு வாங்கும் முன் டிசம்பர் வரை பொறுங்கள். கவாத்து நேரத்தில் அத்தி வளர்ப்பவர் எல்லோர் வீட்டிலும் குச்சி குவிந்து கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில், நாலு கணு உள்ள முற்றிய குச்சியாக எடுங்கள். அடியைக் கணுவுக்குக் கீழே வெட்டி, பால் நிற்கும்வரை தண்ணீரில் கழுவி, தென்னை நார்க் கழிவும் மணலும் சரிபாதி கலந்த பையில் ஒரு கணு மட்டும் வெளியே தெரிய ஊன்றி, நிழலில் வையுங்கள். தண்ணீர் தெளித்தால் போதும். பத்து நாளில் இலை வரும், அதை நம்பி எடுத்து நட்டுவிடாதீர்கள். குச்சியில் இருக்கும் சத்திலேயே வருகிற இலை அது. பையின் ஓரத்தில் வெள்ளை வேர் தெரிய ஆறு வாரமாவது ஆகும்.